யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?

உயிருக்கும் உடைமைக்கும் எல்லையோரக் கிராமங்களில் எது காவல்? பட்டாவா, கேமராவா, பக்கத்து வீடா? ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை

அறிமுகமில்லாத ஒருவர் பைக்கில் நுழைந்தால், ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமங்களில் அவருக்கு முதலில் கிடைப்பது ஒரு கேள்விதான். “யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?” டீக்கடை பெஞ்சிலிருந்து தமிழில் வரும். அடுத்த தெருவில் அதையே தெலுங்கில் கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் எந்த ஊர், யாருக்கு என்ன உறவு, என்ன காரியமாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் நாலு பேர் காதுக்குப் போய்விடும். பட்டணத்திலிருந்து வருகிறவருக்கு இது வம்பு. ஊர்க்காரர்களுக்கு இது காவல்.

கிழக்கே திருத்தணி, தெற்கே சோளிங்கர், வடக்கே பள்ளிப்பட்டு, அதற்கும் அப்பால் ஆந்திரம். பள்ளிப்பட்டு வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமான ஆர்.கே.பேட்டையில் விசைத்தறியும் விவசாயமும்தான் பிழைப்பு. அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேட வேண்டும். தெருவைத் தாண்டினால் நெல், நிலக்கடலை, கரும்பு. வேலைக்காகப் பிள்ளைகள் சென்னைப் பக்கம் போய்விட, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் பெருகி வருகின்றன. அந்த வீடும், அதன் பின்னாலுள்ள காணியும், அதில் வாழ்கிற உயிரும் பத்திரமாக இருக்க எதை நம்பலாம் என்பதே இங்கே கேள்வி.

சட்டம், போலீஸ், பட்டா என்று பதில் சொல்லலாம். ஆனால் கிராமத்தில் இவை மூன்றும் கடைசியில் வந்து நிற்பது சாட்சியிடம்தான். இந்த வரப்பு இவருடையது என்று சொல்ல ஒருவர் வேண்டும். நேற்று ராத்திரி அந்த வீட்டில் விளக்கு எரியவில்லையே என்று கவனிக்கவும் ஒருவர் வேண்டும். பழைய சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். புதிய சாட்சிகளை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

ஜமீன் கணக்கும் தெலுங்குப் பத்திரமும்

இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதுதான் ஆர்.கே.பேட்டையின் முழுப் பெயர். திருத்தணி வட்டாரம் ஒரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீனின் ஆளுகையில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்தது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் பக்கம் போன இந்த மண்ணைத் தமிழகத்தோடு சேர்க்க ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய போராட்டம் நாடறிந்தது. எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்வின் அடிப்படையில் 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ் மண்ணாயிற்று. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதன் பகுதியானது.

வரலாற்றுப் பாடமாகப் படித்துவிட்டுப் போகிற இந்தத் தேதிகள் இங்கே நிலம் வைத்திருப்பவர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இன்றும் கிடக்கின்றன. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ஜமீன் கிராமத்து உழவர் அரசாங்கத்தின் நேரடிப் பட்டாதாரர் ஆக முடிந்தது. அதற்கு முன்பு ஜமீனுக்குக் கட்டிய வரி ரசீதும் ஊரார் வாய்ச்சொல்லும் சான்றாக நின்றன. 1960-க்கு முந்தைய பத்திரங்களில் தெலுங்கில் எழுதப்பட்டவை உண்டு. தாத்தா தெலுங்கில் எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை, தமிழ்வழியில் படித்த பேரனால் வாசிக்க முடியாது. வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞருக்கும் தெலுங்கு வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரின் தயவு தேவைப்படுகிறது.

கல் நகரும், காகிதம் நகராது

கிராமத்து நிலத்தகராறு பெரும்பாலும் வில்லன் வந்து அபகரிப்பதால் தொடங்குவதில்லை. அப்பா இறந்த பிறகு பட்டா பெயர் மாறாமல் இருப்பதில் தொடங்குகிறது. நாலு பிள்ளைகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொள்வார்கள். “கிழக்கே இருக்கறது உனக்கு, கிணத்துப் பக்கம் எனக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் செலவு என்று தள்ளிப்போடுவார்கள். இருபது வருடம் கழித்து ஒரு தம்பி தன் பங்கை விற்கப் போகும்போதுதான் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கூட்டாகக் கிடப்பது தெரியும். உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தால், வேப்பமரத்தடியில் இருக்க வேண்டிய எல்லைக் கல்லைக் காணோம். டிராக்டர் ஓட்டும்போது பெயர்ந்து வாய்க்காலில் கிடக்கும். புலப்படம் ஓர் அளவைச் சொல்ல, வரப்பு வேறோர் அளவைச் சொல்லும். நடுவில் இருக்கிற ரெண்டடிக்கு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இன்னொரு சிக்கலை ஊரில் “யு.டி.ஆர். தப்பு” என்பார்கள். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற திட்டத்தில் தமிழகம் முழுவதும் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயர் விட்டுப்போய் வேறொருவர் பெயர் ஏறிய இடங்கள் பல. அந்த ஒரு வரியைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்டத் தலைநகருக்குமாக அலைந்து ஒரு தலைமுறையே ஓய்ந்துபோன குடும்பங்கள் உண்டு. இப்போது பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கைப்பேசியில் கிடைக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பழைய தப்பும் அச்சுப் பிசகாமல் கணினிக்குள் ஏறியிருக்கிறது. கணினிப் பட்டாவில் இருக்கிறதே என்பதால் தப்பு சரியாகிவிடாது.

பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நம்முடையது என்ற நம்பிக்கையும் முழுதாகச் சரியல்ல. பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைத் தீர்மானிப்பதில்லை. தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ-யின் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பதிவுச் சட்டத்தின் கீழ், விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை. ஆகவே வாங்குகிறவர்தான் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் ஒத்துப் பார்த்து, நேரில் போய்ப் பக்கத்துக் கொல்லைக்காரரையும் விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்பு எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் பல மோசடிகள் பிடிபடுவது அங்கேதான்.

சாட்சி இல்லாமல் போகும் பங்குகளில் முதலாவது மகள்களின் பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனாலும் சீர்செனத்தி செய்தாயிற்றே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் போகவில்லை. அடுத்து முதியவர்கள். தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் முகம் பார்த்து நிற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய 2007-ன் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு வழி தருகிறது. திருத்தணி கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். எழுதும்போதே அந்த நிபந்தனையைச் சேர்க்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தலையாரி போனார், கேமரா வந்தது

1816-ல் சென்னை மாகாணத்தில் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் கிராம முன்சீப்பையே ஊர்ப் போலீஸ் தலைவராக்கியது. அவருக்குக் கீழே தலையாரி. திருடனைப் பிடிப்பது, ராத்திரியில் ஊரைச் சுற்றி வருவது, வந்த அந்நியரைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. நிலக் கணக்குக் கர்ணத்தின் கையில். பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

அந்த மாற்றத்துக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. கர்ணத்தின் பேனா யார் பக்கம் சாய்ந்தது என்பது ஊருக்குத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்த கதைகள் ஏராளம். காலனி மக்களின் நிலம் கணக்கில் வராமல் போனதற்கும் அந்தப் பேனாவே காரணம். ஆனால் அநியாயமான ஒரு சாட்சியை நீக்கிய நாம், நியாயமான ஒரு சாட்சியை அந்த இடத்தில் உட்கார வைக்கவில்லை. வி.ஏ.ஓ.வுக்குச் சான்றிதழ், பயிர் அடங்கல், வெள்ளக் கணக்கு, தேர்தல் வேலை என்று மூச்சுவிட நேரமில்லை. தலையாரியின் வாரிசான கிராம உதவியாளர் ராத்திரி ரோந்து போவதில்லை.

அந்த இடத்தில் ஓரளவு நிற்பது தறி. ஆர்.கே.பேட்டை பக்கத்து நெசவுத் தெருவில் ராத்திரி நடந்து பார்த்தால் இது புரியும். வீட்டோடு ஒட்டிய கொட்டகை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாடா இடமும் வலமும் பாய்ந்துகொண்டிருக்கும். பாவு அறுந்தால் தறி நிற்கும். நெசவாளர் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓட விடுவார். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமல் துண்டைக் கட்டியிருப்பார். ராத்திரி ஷிப்ட் ஓடுகிறவரை அந்தத் தெருவில் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். தெருவில் நிழல் போனால் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடும் இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக 2023-ல் உயர்ந்தது. அது நெசவாளரின் செலவைக் குறைக்க வந்தது; ஊருக்கு ராக்காவலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. நூல் விலை ஏறித் தறி நின்றுபோகும் மாதங்களில் வருமானத்தோடு இந்தக் காவலும் போய்விடுகிறது. அதே கொட்டகையில் பழைய ஒயரிங்கும் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் தீ விபத்துக்கு அதிக நேரம் வேண்டாம் என்பதையும் மறக்கக் கூடாது.

தறி இல்லாத ஊர்களில் நிலைமை வேறு. பூட்டிய வீட்டில் நகை, கொல்லையில் மோட்டார் ஒயர், தெருவில் கட்டிய ஆடு, இரவில் நிறுத்திய பைக் என்று திருட்டு போகும் பொருள்களைக் கிராமத்தார் விரல் விட்டுச் சொல்வார்கள். செம்புக் கம்பிக்காக ஒயரை அறுத்துக்கொண்டு போனால், போன ஒயரின் விலையைவிட, தண்ணீர் பாயாமல் வாடும் பயிரின் நஷ்டம் பெரிது. இந்த மாதிரித் திருட்டுக்குப் புகார் கொடுக்கவே பலர் போவதில்லை. “போனது கிடைக்கவா போகுது” என்பார்கள். போகிறவர்களும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி விடுகிறார்கள்.

எல்லையோரத்தில் இன்னொரு தலைவலி. பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவன் சற்று நேரத்தில் மாநிலம் தாண்டிவிடுவான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இங்கே உதவும். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையவழி கொடுத்தால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். “இது எங்க லிமிட் இல்ல” என்ற பதிலை இனிக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

முச்சந்திகளில் கேமரா வந்துவிட்டது. நடந்ததைக் காட்ட அது போதும். நடக்கிறபோது எழுந்து வர அதனால் முடியாது.

ஜாவாக் கிராமத்தின் முறைக்காவல்

எழுந்து வருகிற காவலுக்கு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஒரு வழி உண்டு. அங்கே கிராமத்துக்குக் கிராமம் சந்தியில் ஒரு சிறு குடிசை இருக்கும். ‘போஸ் ரோண்டா’ என்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் முறை வைத்து, இரவில் அங்கே கூடித் தெருவைச் சுற்றி வருவார்கள். குடிசையில் குடைந்த மரத்தாலோ மூங்கிலாலோ ஆன ‘கெந்தோங்கான்’ தொங்கும். விடாமல் வேகமாகத் தட்டினால் ஆபத்து என்று பொருள், ஊரே எழுந்துவிடும். காவல் சுற்றும்போது வீட்டு வாசலில் வைத்த சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துப் பொது நிதியில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. பல ஊர்களில் இப்போது அரிசிக்குப் பதில் காசு. வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்று பலகையே எழுதி வைத்திருப்பார்கள். நம் டீக்கடைக் கேள்வியை அங்கே விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

நிலத்தில் அவர்கள் பட்ட பாடும் நமக்குப் பழக்கமானது. திருத்தணி தமிழகத்துக்கு வந்த அதே 1960-ல், செப்டம்பர் 24 அன்று, அந்நாட்டின் அடிப்படை நிலச் சட்டம் வந்தது. ஆனாலும் கிராம அலுவலகப் பேரேட்டையும் வரி ரசீதையும் உரிமைச் சான்றாக நம்பியிருந்த குடும்பங்கள் பல. வரி கட்டிய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்ற பாடத்தை அவர்களும் வழக்குமன்றத்தில்தான் கற்றார்கள். தனித்தனியாக மனு வரட்டும் என்று காத்திராமல், ஒரு கிராமத்தை எடுத்தால் அத்தனை மனையையும் ஒரே வீச்சில் அளந்து சான்று தரும் திட்டத்தை 2017 வாக்கில் அங்கே பெரிய அளவில் முடுக்கிவிட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முறைக்காவலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பிடித்த கையோடு தண்டித்துவிடும் கும்பல் அங்கேயும் பிரச்சினை, இங்கேயும் பிரச்சினை. 2018 மே மாதம் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காட்டில் ஒருவரைக் கும்பல் கொன்றது. அங்கேயும் யாரோ ஒருவர் “யார் நீ?” என்றுதான் தொடங்கியிருப்பார். கேட்பது ஊரின் உரிமை. தண்டிப்பது ஊரின் வேலை அல்ல. எந்தக் காவல் குழு போட்டாலும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய விதி இது.

ஆறும் பாம்பும்

உடைமைக்கு முன்னால் உயிர். மழைக்காலத்தில் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால், கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் ஏறும். பள்ளிப்பட்டு பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். பால் கேனோடும் பள்ளிப் பையோடும் அக்கரையில் நிற்பவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றப் பொறுமையில்லாதவர் தண்ணீரில் இறங்குவார். தண்ணீர் பிறகு பூண்டிக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகும். சென்னைக்கு வரவு, இந்தக் கரைக்கு ஆபத்து. தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தியது. சாதியின் பேரால் ஒருவர் தலையில் கட்டப்பட்ட அந்த வேலை போனது சரியே. ஆனால் அணை திறந்த சேதி நடுராத்திரியில் கடைசி வீட்டுக்கும் போய்ச் சேர ஒலிபெருக்கி ஏற்பாடு ஒவ்வொரு கரையோர ஊரிலும் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கடலைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்பவருக்குப் பாம்பு தினசரி அபாயம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும்தான் பெரும்பாலான உயிர்களைக் குடிக்கின்றன. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு சரியாக வந்தால்தான் மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். வாயால் உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சும் வேலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிரைக் காக்கப் போட்ட கம்பி, விடியலில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் கொல்லைக்காரரைக் கொல்கிறது. உடைமைக்குக் கட்டிய காவல் உயிரை எடுத்தால் அது குற்றமாகவே பார்க்கப்படும்.

கணக்கில் வராத காவல்காரர்கள்

அந்தப் பாம்புக்கடி மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்து மருந்து நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன. நாட்டின் பல மூலைகளில் உயிர் காப்பது அந்தக் கைகள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே இருளர் இனத்துக் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் கால்வாய்ப் புறம்போக்குகளிலும் குடிசை போட்டு வாழ்கின்றன. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தர முடியாது என்பது விதி. மாற்று மனை கொடுத்தால்தான் வழி. மாற்று மனைக்குச் சாதிச் சான்று வேண்டும். அதற்கு வேறு சான்றுகள் வேண்டும். வீட்டு முகவரியே இல்லாதவருக்கு அவை எங்கிருந்து வரும்? முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய்க் கொத்தடிமையாகச் சிக்கி மீட்கப்பட்டவர்களிலும் இவர்கள் அதிகம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் விழுவதும் இவர்கள் குடிசை மேல்தான். ஊராரின் உயிரைக் காக்கும் இனத்துக்கு, அந்த ஊரில் அவர்கள் பக்கம் நின்று சாட்சி சொல்ல ஆளில்லை. ஒரு கிராமம் எவ்வளவு பத்திரமானது என்பதை மாடி வீட்டுக் கிரில் கதவை வைத்து அளக்க முடியாது. ஏரிக்கரைக் குடிசையில் இருப்பவர் ராத்திரி பயமில்லாமல் தூங்குகிறாரா என்பதுதான் அளவு.

கிராமசபையில் கேட்க வேண்டியவை

தமிழகத்தில் கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் தெருவிளக்கும் குடிநீரும் பேசிக் கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான்கு காரியங்களைத் தீர்மானமாகக் கேட்கலாம்.

முதலாவது, நத்தத்திலும் புன்செய்யிலும் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் பட்டாக்களின் பட்டியலை ஊராட்சிப் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும். மனு கொடுத்தவருக்கு மட்டும் அளக்காமல், கிராமத்தையே முகாமிட்டு அளந்து முடிக்கச் சொல்ல வேண்டும். அளக்கும் நாளில் நாலு எல்லைக்காரர்களும் வயலில் நிற்க வேண்டும். மகள்களுக்கும் தகவல் போக வேண்டும். பழைய தெலுங்குப் பத்திரங்களை வாசித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு.

இரண்டாவது, தெருவுக்கு ஒரு முறைக்காவல். ஊர்த்தெரு, காலனி, இருளர் குடியிருப்பு என்ற பேதமில்லாமல் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர் வீடுகளின் பட்டியல் அவர்களிடம் இருக்கட்டும். கையில் கம்பு வேண்டாம், டார்ச்சும், ஆர்.கே.பேட்டை காவல் நிலைய எண்ணும், 112-ம் போதும்.

மூன்றாவது, அணை நீர் எச்சரிக்கைக்கு ஒலிபெருக்கி. மூழ்கும் தரைப்பாலத்தின் இரு முனையிலும் தடுப்பு. அதை யார் போடுவது என்று பெயரோடு பொறுப்பு.

நான்காவது, நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் குடும்பங்களுக்கு மாற்று மனை. இடத்தைத் தேர்ந்து சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டால் வருவாய்த் துறை “இடமில்லை” என்று கை விரிக்க முடியாது.

இவற்றில் மூன்று காரியங்களை அரசாங்கம் செய்ய வேண்டும். முறைக்காவலை மட்டும் ஊர் நினைத்தால் இந்த வாரமே தொடங்கிவிடலாம். அது ஒழுங்காக நடந்தால் மற்ற மூன்றையும் விடாமல் கேட்கும் ஆட்களும் அங்கிருந்தே கிடைப்பார்கள்.